தலைகீழாகப் பிடித்த கொய்யா பீர்

இன்று பெங்களூரில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு சின்ன ப்ரூவரி வாசலில்தான் விழவேண்டும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று தொட்டிகள், பக்கத்தில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளாகிய நீங்கள். மாம்பழம், பலாப்பழம், நாவல்பழம் என்று எதை வேண்டுமானாலும் பீரில் போடுகிறீர்கள். ஜனங்களும் போட்டோ பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பழம் போட்ட கோதுமை பீர் என்பது உங்கள் காலத்தில்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் புத்தகப் பை சுமந்துகொண்டிருந்தபோதே நாங்கள் போட்டோம். போட்டு அடியும் வாங்கினோம். அந்த அடியில் பாதிக்கு மேல் என்னால் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. ஐந்தாவதும் பரீட்சை வரைக்கும் போகவில்லை. பிறந்து வளர்ந்தது விவேக் நகர். முப்பது வயதுவரை சிவாஜிநகரில் பழைய பாட்டில் மண்டியில் தரம் பிரித்தேன். 1991-ல் சந்தாபுரா தாண்டி இருந்த அந்த பீர் ஃபேக்டரியில் சேர்ந்தேன். கழுவி வரும் பாட்டிலை விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்க்கிற வேலை. கீறல், கறை, உள்ளே செத்த கரப்பான் எதுவானாலும் பாட்டில் ஓடும் வேகத்திலேயே கண்டுபிடித்துக் கையால் தட்டிவிடுவேன். என்னைப் போல் பாட்டில் பார்க்கிறவன் அந்த ஃபேக்டரிக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, மேனேஜர்களே சொன்னார்கள். எட்டு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனேன். தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றும் வாயில் புரளும் என்பதால் பார்களில் புகார் வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். பி.எஸ்.சி. படித்தவர்கள் போய்ப் புகாரைப் பெரிதாக்கிவிட்டு வருவார்கள். அந்தோணி போனால் புகார் அடங்கும். இதுதான் பேச்சு. அந்தப் பேச்சை நானே நம்பியதுதான் பிசகு.

இரண்டாயிரம் பிறந்த சமயம். எங்கள் முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்தார். அங்கே கலங்கலாக ஒரு கோதுமை பீர் குடித்திருக்கிறார். இங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம், புதுசாக ஏதாவது செய்யவேண்டும் என்று ஆசை. எங்கள் லேபில் அப்போதுதான் ஒரு கெமிஸ்ட் சேர்ந்திருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். கோலார் தங்கவயல்காரர். பெயர் எழுத வேண்டாம், லேப் மேடம் என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டோம். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. கல் தூசி நெஞ்சில் ஏறி, இனிமேல் கீழே இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி, மேலேயே ஏதோ சின்ன வேலை கொடுத்திருந்தார்கள். சம்பளம் பாதி. சுரங்கமே இன்று மூடுவார்கள், நாளை மூடுவார்கள் என்ற நிலை. வீட்டில் நாலு பேருக்கு மேடத்தின் சம்பளம்தான் அடுப்பு. வேலையோ நிரந்தரம் ஆகவில்லை, ஒரு வருஷ ப்ரொபேஷன்.

முதலாளி சொன்ன பீரை மேடம்தான் போட்டுக் காட்டினார். கோதுமையும் பார்லியும் கலந்து, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழக்கூழ் ஃபேக்டரியிலிருந்து செங்கொய்யாக் கூழ் வரவழைத்து, எத்தனையோ தடவை சின்னப் பாத்திரத்தில் போட்டுக் கொட்டி, கடைசியில் ஒன்று பிடிபட்டது. நான் முதலில் சிரித்தேன். "மேடம், கொய்யாப்பழம் மெல்றதுக்கு, குடிக்கறதுக்கு இல்ல" என்றேன். ஒரு கிளாஸ் நீட்டினார். குடித்தேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பழுத்த கொய்யாவைப் பிட்டால் மூக்கில் ஏறுமே அந்த வாசம், பின்னாலேயே லேசாகப் புளிப்பு. என் நாக்கு ஏமாறாது. "இது ஓடும் மேடம்" என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம். இந்த பீரை ஃபில்டர் செய்யக்கூடாது, ஈஸ்ட்டும் பழத் துணுக்கும் உள்ளேயே இருக்கவேண்டும், அதில்தான் வாசம் இருக்கிறது என்றார். பாட்டிலில் அடைத்துச் சூடு காட்டிவிட்டால் கெடாது. ஆனால் இரண்டு நாள் நிற்க வைத்தால் அடியில் ஒரு விரற்கடை வண்டல் படியும். முதலாளி ஒத்துக்கொண்டார். சின்ன பாட்டிலில் அடைத்து, எங்களுக்குப் பழக்கமான சில பார்களுக்கு முதலில் அனுப்பினோம். அதில் ஒன்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மஞ்சண்ணா நடத்திய பார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். இப்போது குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் நம் ஊர்க் குடிகாரன் எவனும் பாட்டிலைத் திறந்தவுடன் குடிக்கமாட்டான். பீர் கெடாமல் இருக்கக் கம்பெனிக்காரன் கிளிசரின் கலக்கிறான், அது உடம்புக்கு ஆகாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்குவான். பாட்டில் வாயைக் கட்டைவிரலால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, வாயைத் தண்ணீருக்குள் விட்டு விரலை எடுப்பான். பாட்டிலிலிருந்து எண்ணெய் மாதிரி ஒரு நூல் நெளிந்து நெளிந்து இறங்கும். "பாத்தியா, கிளிசரின் எறங்குது" என்பான். நூல் நின்றதும் பாட்டிலை நிமிர்த்தி, தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, விஷத்தை எடுத்துவிட்ட திருப்தியோடு குடிப்பான். எந்தக் கிளிசரினும் கிடையாது. தண்ணீரைவிட பீர் கொஞ்சம் கனம், அதுதான் இறங்குகிறது. எங்கள் பழைய பீரில் அந்த நூல் தலைமயிர் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

புது பீர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் மஞ்சண்ணா பாருக்குப் போனேன். புகார் எதுவும் இல்லை. சும்மா, பெருமை பார்க்கத்தான் போனேன். கம்பெனிச் சட்டை, முறுக்கிய மீசை. அங்கே துணிக்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்த தாஸ் உட்கார்ந்திருந்தார். பாட்டில் மண்டி நாளிலிருந்தே பழக்கம். வாய் சும்மா இருக்காது.

"இன்னா அந்தோணி, கொய்யாப்பழத்துல பீராம்? அடுத்த வாரம் வெண்டைக்காயிலயா?"

"குடிச்சுட்டுப் பேசு குரு" என்றேன். சிநேகிதனைப் பெங்களூரில் குரு என்றுதான் கூப்பிடுவோம்.

"குடிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்ல. மஞ்சண்ணா, ஒரு கிளாஸ் தண்ணி குடு."

"நல்லாப் பாரு," என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஆள் கூடினால் எனக்கு வாய் நிற்காது. "எங்க சரக்குல கிளிசரின் ஒரு சொட்டு கெடையாது. ஒரே ஒரு நூல் எறங்கட்டும், இந்த மீசைய எடுத்துர்றேன்."

பழைய பீர் மாதிரி மயிரிழைதான் இறங்கும், பார் மங்கலில் யாருக்கும் தெரியாது என்கிற தைரியம். அந்தப் புது பீரை நான் ஒரு தடவைகூடத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததில்லை. விளக்குக்கு முன்னால் லட்சம் பாட்டில் பார்த்த கண், இதைப் பார்க்கவில்லை.

தாஸ் கவிழ்த்தார். முதலில் ஒரு நூல். பிறகு அது கயிறு ஆனது. அடியில் படிந்திருந்த வண்டல் முழுவதும் கழுத்து வழியாகச் சரிந்து, அடைப்பு எடுத்த சாக்கடை மாதிரி தண்ணீருக்குள் இறங்கியது. கிளாஸ் முழுக்க இளஞ்சிவப்பாய்க் கலங்கிப்போனது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"அது கிளிசரின் இல்லப்பா, ஈஸ்ட்டு" என்றேன்.

"ஈஸ்ட்டுன்னா இன்னாது?"

"அது வந்து... உயிரோட இருக்கற ஒரு சாமான். அதுதான் பீரையே பண்ணுது. இப்ப இதுல செத்துப்போயிருக்கும்."

"செத்துப்போன சாமானா?" தாஸ் பாட்டிலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "கேட்டீங்களாய்யா? கம்பெனிக்காரனே சொல்றான், உள்ள செத்தது கெடக்குதாம்!"

நான் சொன்னது பொய்யே இல்லை. மேடம் சொல்லிக் காதில் விழுந்ததுதான். அரைகுறையாகத் தெரிந்த உண்மையைத் தப்பான இடத்தில் எடுத்துவிட்டால் பொய்யைவிட வேகமாக ஓடும். நாலே நாளில் சிவாஜிநகர் முழுக்க, பிறகு அல்சூர், பிறகு எங்கள் விவேக் நகர்வரை, கொய்யா பீரில் ஏதோ செத்தது கிடக்கிறது என்று பேச்சு. பார்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பின. மஞ்சண்ணா மட்டும் பழைய முகத்துக்காக இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மேடம், நான், சேல்ஸ் மேனேஜர். திரும்பி வந்த பெட்டிகளைப் பற்றி சேல்ஸ் மேனேஜர் பேசி முடித்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏனப்பா அந்தோணி, மார்க்கெட்னல்லி இரோது நீனு. ஏனாயித்து?"

மார்க்கெட்டில் இருப்பவன் நீ, என்ன ஆயிற்று என்று கேட்கிறார். நேரான கேள்வி. எனக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் போஸ்ட் வருகிறது என்று அப்போது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மீசைப் பந்தயம், செத்த சாமான் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டேன்.

"ஜனங்களுக்குப் பழக்கம் இல்ல சார். கலங்கலா இருந்தா பயப்படறாங்க."

"ஃபில்டர் மாட பேடா அந்த யாரு ஹேளித்து?" ஃபில்டர் செய்யவேண்டாம் என்று சொன்னது யார் என்று அறையைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் மேடம்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் முடிவென்றால் முடிவு. இன்னும் ஒரு டேங்க் கொய்யா பீர் நிற்கிறது, நாளை பதினோரு மணிக்கு அதை வடித்துவிடலாம் என்றார். எங்கள் தொழிலில் ஒரு வாளி பீரைக் கீழே ஊற்றுவதென்றாலும் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், அதனால் அவருக்கும் சொல்லிவிட்டார். பிறகு மேடத்தைப் பார்த்து, ப்ரொபேஷன் இந்த மாதத்தோடு முடிகிறது, அதோடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்தோம். அழுவார் என்று நினைத்தேன். மேடம் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, பார்ல எப்படிக் கவுத்துப் பாக்கறாங்கன்னு எனக்கு ஒருவாட்டி காட்டுங்க."

"உங்களுக்கு எதுக்கு மேடம் பாரெல்லாம்?"

"ஒரு வருஷமா பீர் பண்றேன். ஒருத்தர் குடிக்கறதை இன்னும் பாத்ததில்ல. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

டெலிவரி வேன் ஒன்று சிவாஜிநகர் போகக் கிளம்பி நின்றது. மேடம் ஆபீஸில் ஒரு போன் பேசிவிட்டு வந்தார், முன்சீட்டில் அவரை உட்கார வைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருக்கும். பாருக்குள் ஒரு பெண்பிள்ளை நுழைந்ததும் மஞ்சண்ணா பதறிப்போய் எழுந்தார்.

"மேடம், ஃபேமிலி ரூம் மேல இதே, மேல..." என்று கன்னடம் கலந்து சொல்லி மாடியைக் காட்டினார்.

"நான் ஃபேமிலி இல்லீங்க, கெமிஸ்ட்" என்று சொல்லிவிட்டு நடு மேசையில் உட்கார்ந்தார் மேடம்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தாஸ் அங்கேதான் இருப்பார். இருந்தார். மேடம் அவரிடமே கேட்டார், கவிழ்த்துக் காட்டச் சொல்லி. மஞ்சண்ணா வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார்கள். தாஸுக்குக் கொண்டாட்டம். சபை நடுவில் மேஜிக்காரன் மாதிரி கவிழ்த்தார். அதே கயிறு, அதே கலங்கல். மேடம் குனிந்து, கண்ணைக் கிளாஸுக்கு நேராக வைத்து முழுக்கப் பார்த்தார்.

பிறகு மஞ்சண்ணாவிடம் ஒரு கலர் பாட்டில் கேட்டார். குழந்தைகள் குடிக்கும் ஆரஞ்சு கலர்தான். அதைத் திறந்து, அவரே விரலால் மூடி, இன்னொரு கிளாஸ் தண்ணீரில் கவிழ்த்தார். ஆரஞ்சு நூல் அழகாக நெளிந்து இறங்கியது.

"பாருங்க சார். சக்கரை இருக்கற எதுவும் தண்ணியவிட கனம். எறங்கத்தான் செய்யும். கலர்ல கிளிசரினா இருக்கு?"

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்ட மாதிரி தெளிவாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தாஸ் அந்த ஆரஞ்சு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறிவிட்டது. "அட பாவிங்களா! கலர்லயும் போட்றானுங்களா? எம் பொண்ணு டெய்லி ஸ்கூல் விட்டு வந்து இதத்தானய்யா குடிக்குது!"

"நான்கூட பேரனுக்கு வாங்கித் தர்றேன்" என்றது பக்கத்து மேசை. மஞ்சண்ணா ஓடி வந்து கலர் பாட்டிலை எடுத்து ஒளித்தார். மேடம் என்னைப் பார்த்தார். படித்த படிப்பெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இனி என்ன என்கிற பார்வை.

"அது கெடக்கட்டும்," தாஸ் என் பக்கம் திரும்பினார். "இன்னா அந்தோணி, மீச இன்னும் மூஞ்சிலயே இருக்கு?"

"என்ன மீசை?" என்றார் மேடம்.

தாஸ் சொன்னார். கை, கால், முகம் எல்லாவற்றாலும் நடித்துக்காட்டிச் சொன்னார். ஒரு நூல் இறங்கினால் மீசையை எடுப்பேன் என்றது, செத்த சாமான் என்றது, ஒன்று விடவில்லை. காலையில் முதலாளி அறையில் நான் விழுங்கியது அத்தனையும் இங்கே மேசைமேல் கொட்டியது. மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டவில்லை. மேசைமேல் கிடந்த மூடியை எடுத்து விரல்களுக்குள் சுற்றினார்.

அந்த நேரத்தில் நான் பேசியிருந்தால் எதைப் பேசினாலும் அது இன்னொரு பந்தயமாகத்தான் இருந்திருக்கும். எழுந்து வெளியே போனேன். நாலு கடை தள்ளி ஒரு சலூன். உட்கார்ந்து "எடு" என்றேன். இருபது வருஷமாக வளர்த்த மீசை. சலூன்காரர் இரண்டு தடவை கேட்டார், "நெஜமாவா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தாஸுக்கு வேண்டியது விளக்கம் இல்லை. தினமும் குடிக்கிறதற்கு முன்னால் பாட்டிலைத் தன் கையால் கவிழ்க்கிறார், காத்திருக்கிறார், உள்ளே இருப்பது வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கிறார். அதன் பிறகுதான் அவருக்கு நம்பிக்கை. கவிழ்க்காதே என்று சொன்னால் எதையோ மறைக்கிறோம் என்றுதான் நினைப்பார். கவிழ்க்கட்டும். தண்ணீர் மட்டும் வேண்டாம். இது படித்து வருகிற புத்தி இல்லை, பாட்டில் மண்டியில் வருகிற புத்தி.

எதிர்க் கடையில் ஃபலூடா விற்றார்கள். உயரமான கண்ணாடி கிளாஸ் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழித்த உதட்டோடு உள்ளே நுழைந்தேன். பார் சிரிப்பில் வெடித்தது. தாஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அய்யோ அந்தோணி, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி கீறியே!" சிரித்து முடியும்வரை நின்றேன். பிறகு தாஸ் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டார். "சொன்ன வார்த்தைக்கு நின்ன. ஒக்காரு. இன்னா சொல்லணுமோ சொல்லு."

"ஒண்ணும் சொல்லல. நீ எப்பவும் போல கவுத்து. ஆனா காலி கிளாஸ்ல."

ஃபலூடா கிளாஸைத் திறந்த பாட்டிலின்மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பினேன். முதல் பாட்டில் நாசம். அவசரப்பட்டு இழுத்ததில் நுரை பொங்கி மேசையெல்லாம் ஓடியது. இரண்டாவதை நிதானமாக, பீர் ஏற ஏறப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு சுழற்று சுழற்றினேன். வண்டல் முழுவதும் இறங்கிக் கலந்து, கிளாஸ் முழுக்க ஒரே நிறமாக, மேலே இளஞ்சிவப்பு நுரையோடு நின்றது. காலி பாட்டிலைத் தாஸ் கையில் கொடுத்தேன்.

"வெளிச்சத்துல பாரு. உள்ள ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கா? இருந்தது எல்லாம் உன் கண்ணு முன்னாடி இங்க இருக்கு."

தாஸ் பாட்டிலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "செத்த சாமானு?"

நான் கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் மேடம் எடுத்துவிட்டார். நடு பாரில், இருபது ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பாதி கிளாஸை ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தார். உதட்டில் நுரை.

"கொய்யா பத்தல அண்ணா. அடுத்த தடவ கூட்டணும்" என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவர் எனக்காகச் சொல்லவில்லை. பீரை ருசித்தார், குறை தெரிந்தது, சொன்னார். அவ்வளவுதான். நடிப்பு இல்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

தாஸ் மீதிப் பாதியை எடுத்தார். மோந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். "யோவ், நெஜமாவே கொய்யாப்பழம்யா!" பிறகு கவுண்டரைப் பார்த்து, "மஞ்சண்ணா, உப்பும் மொளகாத்தூளும் குடு. கொய்யாப்பழத்த எவனாவது சும்மா சாப்புடுவானா?" கிளாஸ் விளிம்பில் உப்புக் காரத்தைத் தடவிக்கொண்டு குடித்தார். மூன்று மணிக்குள் மஞ்சண்ணாவிடம் இருந்த இரண்டு பெட்டியும் தீர்ந்துவிட்டன. ஃபலூடா கடைக்காரர் கிளாஸைக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வேனில் திரும்பினோம். மடிவாளா தாண்டியதும், "நாளைக்குக் காலைல முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன் மேடம்" என்றேன். "சொல்லுங்க" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே முதலாளி அறை வாசலில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும், "மீசே எல்லோ?" என்றார். மீசை எங்கே என்பதிலிருந்தே ஆரம்பித்தேன். பந்தயம், செத்த சாமான், நேற்று இதே அறையில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். பிறகு கொண்டு போயிருந்த பாட்டிலை அவர் மேசையிலேயே உயரமான கிளாஸில் கவிழ்த்துக் காட்டினேன். அவரே இன்னொன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். சட்டைக் கையெல்லாம் நுரை.

மஞ்சண்ணாவுக்குப் போன் போட்டு விசாரித்தார். பத்துப் பெட்டி அனுப்பச் சொல்லி அவர் அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. பதினோரு மணிக்கு எக்சைஸ் இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரோடு வந்தார். இன்று வடிப்பதற்கு ஒன்றும் இல்லை சார், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார் முதலாளி. டேங்க் அப்படியே நின்றது. மேடத்துக்கு வேலை நிரந்தரம் என்று அங்கேயே டைப் அடிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, ஷிஃப்ட் இன்சார்ஜ் பேச்சை மறந்துவிடு, ஆறு மாதம் பழையபடி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டில் பார், அங்கே வாய்க்கு வேலை இல்லை என்றார். சரி சார் என்றேன். அந்த பீர் அதற்கப்புறம் வருஷக்கணக்காக ஓடியது. லேபிளிலேயே கிளாஸில் கவிழ்க்கிற படம் போட்டோம். அந்தப் படத்தில் இருக்கும் கை என் கை.

இதோடு நிறுத்தினால் உங்களிடம் இது நான் ஜெயித்த கதையாகிவிடும். பல பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே முழுக்கச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் நான் பாட்டில் ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து பக்கத்தில் நின்றார். ஆர்டர் கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது.

"என்ன மேடம்? சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல..."

"நேத்து மீட்டிங் முடிஞ்சதும் ஊருக்குப் போன் பண்ணேன் அண்ணா. வேலை போயிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். இப்ப நல்ல சேதி சொல்லலாம்னு பண்ணா, பக்கத்து வீட்டு அக்கா எடுக்கறாங்க." கையிலிருந்த ஆர்டரை நாலாக மடித்தார். "அப்பா நேத்து சாயந்திரமே போய்க் கெஞ்சி, மறுபடியும் கீழ் வேலைக்குப் பேர் குடுத்திருக்கார். காலைல ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எறங்கிட்டாராம்."

பெல்ட்டில் பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. எத்தனையைப் பார்க்காமல் விட்டேனோ தெரியாது.

"நேத்து அந்த ரூம்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மாலை ரயிலைப் பிடிக்கப் பெர்மிஷன் வாங்கப் போனார்.

அவருடைய அப்பா ஷிஃப்ட் முடித்து மேலே வந்தார். மறுநாள் போகவிடாமல் மேடம் தடுத்துவிட்டார். நெஞ்சில் கல் தூசி ஏறிய மனிதர், பாறைக்குள்ளே எட்டு மணி நேரம், ஒரு ஷிஃப்ட். முதலாளி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு நாள்தான். தப்பு செய்யாதீர்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன், செய்வீர்கள். கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு ஷிஃப்ட் நான் இறங்கியிருக்க வேண்டியது.